உன் சறுக்குக் கட்டைகளைக் கொடுத்துவிட்டோம்

தெற்குத் தீவில் வெயிலோடும் புருஷனோடும் குடித்தனம் நடத்தும் சௌபாக்கியவதி அகானேவுக்கு, அப்பா கென்சோ அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். கடிதமென்றால் முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஷிகா மலையில் இந்த விடுதி ஜன்னலைப் பாதிக்கு மேல் பனி மூடிவிட்டது. பதிலுக்கு உங்கள் ஊர்ப் பருவத்தை விசாரிக்கலாம் என்றால், இஷிகாகியில் பருவம் என்று ஒன்றே கிடையாது, மாப்பிள்ளை குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டையோடுதான் படகு ஓட்டுகிறார் என்கிறாள் உன் அம்மா. அவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

இந்தப் புத்தாண்டுக்கும் நீ வரவில்லை, உன் போன்தான் வந்தது. "அப்பா, என் பனிச்சறுக்குக் கட்டை இன்னும் வாசல்லயே சாஞ்சு கெடக்கா? இடத்த அடச்சுக்கிட்டு எதுக்கு? யாருக்காவது குடுத்துடுங்க" என்றாய். பின்னாலிருந்து மாப்பிள்ளை வேறு, "ஆமா மாமா, இங்க பனின்னா ஃப்ரிட்ஜுக்குள்ளதான்" என்று சிரித்தார். நல்ல மனிதர். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு உன் அம்மா, "குடுக்கறதுன்னா தெருவுல போறவங்களுக்கா குடுக்கறது? மலைக்கே போயி, நல்ல பொண்ணாப் பாத்துக் குடுக்கணும்" என்றாள். அதனால்தான் இந்த வயதில், இந்தப் பனியில், இந்தச் சின்னக் காரில் கிளம்பினோம். உன்மேல் ஏக்கம் வந்து ஊர் ஊராகச் சுற்றுகிறோம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. கட்டைகளைக் கூரையில் வைத்து நான்தான் கயிறு கட்டினேன். ஆப்பிள் கிடங்கில் ஆயுசெல்லாம் பெட்டி கட்டியவன் போட்ட முடிச்சு, எந்தப் புயலுக்கும் அசையாது.

முதலில் ஹகுபா. உனக்கே தெரியும், நம் நாகானோ மாகாணத்தில் நாங்கள் போகாத பனிச்சறுக்கு மலை கிடையாது, எந்த மலையிலும் அடிவாரத்தைத் தாண்டியதும் கிடையாது. நீ மேலே போவாய், நாங்கள் கீழே நிற்போம். எந்த உணவுக்கூடத்தில் கறிசோறு நன்றாக இருக்கும், எந்தக் கழிப்பறையில் உட்காரும் பலகை சூடாக இருக்கும் என்று கேட்டால் சொல்வோம், சறுக்கத் தெரியுமா என்று கேட்டால் முழிப்போம். அங்கே ஓர் உயரமான பெண்ணை உன் அம்மா பிடித்துக்கொண்டாள். பெண் பார்க்கப் போன மாமியார்கூட அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டாள். "கட்டைய ஈரத்தோட உறைக்குள்ள போடுவியா? அடியில மெழுகு நீயே தேய்ப்பியா, இல்ல அம்மா தலையில கட்டுவியா? பெரியவளாயி தூரமா எங்கயாவது போயிடுவியா?" கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண், "ஆமா, டோக்கியோவுக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிற்று. அவ்வளவுதான், "என்னங்க, கெளம்புங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள்.

அடுத்தது நொசாவா. ராத்திரி பெய்த பனியில் விடுதி வாசலில் இருந்த கார்களெல்லாம் வெள்ளைக் குன்றுகளாகிவிட்டன. நம் பக்கத்தில் வயதானவர்கள் எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சின்னக் கார்தான் என்பதை யோசிக்காமல், நாங்கள் காலையில் மண்வாரி எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். சக்கரம், கதவு, கண்ணாடி என்று இடுப்பொடியத் தோண்டிக் கடைசியில் கூரைக்கு வந்தால், கட்டைகளைக் காணோம். "ஐயோ, திருட்டு! என் பொண்ணு கட்டையத் திருடிட்டாங்க!" என்று உன் அம்மா பனியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். யாருக்காவது கொடுத்துத் தொலைக்க வந்த பொருளுக்கு இப்படி ஓர் அழுகையா என்று நான் திட்டலாம்தான், ஆனால் நானும் அந்த நேரத்தில் மண்வாரியைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், இடுப்பு வலிதான் காரணம். அப்போது பக்கத்து மாகாணமான நீகாத்தாவைச் சேர்ந்த ஹிராபயாஷி என்ற பெரியவரும் அவர் மனைவியும் வெளியே வந்து, "ஐயையோ, எங்க காருக்காக இவ்வளவு சிரமமா!" என்று தலை தரையைத் தொடக் குனிந்தார்கள். நம் கார் பக்கத்துக் குன்றுக்குள் கட்டைகளோடு பத்திரமாக இருந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நன்றிக்கு அவர்கள் ஓர் அரிசி முறுக்குப் பெட்டி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சும்மா போக முடியுமா? அம்மா கீரை ஊறுகாய் கொடுத்தாள். ஊறுகாய்க்கு அவர்கள் வழிச்சந்தையில் எங்களைத் துரத்திப் பிடித்து ஒரு மீன் கொடுத்தார்கள். மீனுக்கு நான் வீட்டுக்கென்று வைத்திருந்த ஆப்பிளைக் கொடுத்தேன். ஷிகாவுக்கு வந்து சேர்ந்தால் அவர்களும் இதே விடுதியில் இறங்குகிறார்கள், கையில் ஒரு சாக்கு அரிசி! அதைத் திருப்ப எங்கள் காரில் ஒன்றுமே மிச்சமில்லை, கூரையில் இருப்பதைத் தவிர. அவர்களோடு பேத்தி ரிசுகோ வந்திருந்தாள். பள்ளிப் போட்டிகளில் சறுக்குகிறவள், உன் உயரம்தான். கட்டைகளை அண்ணாந்து பார்த்து, "பாட்டி, எவ்ளோ நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க" என்றாள்.

ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கொடுத்துவிட்டோம். நல்ல கையில் சேர்ந்தது, நீ கவலைப்பட வேண்டாம். உன் அம்மாதான் சின்னப்பிள்ளை மாதிரி. சாயங்காலம் லிஃப்ட் நிற்கும் நேரமானால் தானாக எழுந்து, ஃப்ளாஸ்கில் சிவப்புப் பயறுக் கஞ்சியை எடுத்துக்கொண்டு சரிவின் கீழே போய் நின்றுவிடுகிறாள். நீ சறுக்கும்போது போடுவாயே, அந்த மாதிரிச் சிவப்புச் சட்டை எது இறங்கினாலும் கையாட்டுகிறாள். நேற்று ஒரு சிவப்புச் சட்டை நின்று, கஞ்சியை வாங்கி முழுக்கக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போயிற்று. "யாரு குடிச்சா என்னங்க, ஆறிப்போகாம தீர்ந்துச்சே" என்கிறாள். நான் அப்படியெல்லாம் இல்லை, திடமாகத்தான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் அங்கேயே சௌக்கியமாக இருங்கள். படகுத் தொழிலை விட்டுவிட்டு வருவது கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கடலும் காற்றும் உங்களுக்கு அனுசரணையாக இருக்கட்டும், வீடு நிறையட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா கென்சோ

பின்குறிப்பு: கொடுக்கவில்லை. உன் அம்மா மனதைத் தேற்றிக்கொண்டு, "அவிழ்த்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றது. நான் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடிச்சு உறைஞ்சு போச்சு, வெயில் வந்தாத்தான் அவிழும்" என்றேன். "எங்க, நான் பாக்கறேன்" என்று வந்த உன் அம்மாவை, "கை மரத்துடும், போ" என்று விரட்டினேன். அரிசிக்குப் பதிலாக என் புதுக் கையுறை, கம்பளித் தொப்பி, மண்வாரி மூன்றையும் கொடுத்துவிட்டேன். இப்போது வெறுங்கையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முடிச்சு உறையவில்லை, அகானே. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அவிழ்கிற அதே பழைய முடிச்சுதான். சின்ன வயதில் கார் நிற்பதற்குள் குதித்து ஓடிவந்து, "நான்தான் இழுப்பேன்" என்று அடம்பிடிப்பாயே, அந்த முனையை உன் கைக்கு எட்டுகிற மாதிரிதான் இன்றைக்கும் தொங்கவிட்டிருக்கிறேன். இந்த மலையில் மே மாதம் வரை பனி இருக்கும். வந்து இழு.