வட்டிலப்பத்துக்கு ஒரு மானிட்டர்

"கலர் முக்கியமில்லைன்னு சொல்றியே, அத என் கடையில வந்து சொல்லிப் பாரு" என்றார் ரவூப் போனில்.

மறுமுனையில் அவர் மனைவி நூருன்னிசா. செங்காங் வீட்டில், மகன் அர்ஃபானின் அறையில் இருந்த கம்ப்யூட்டர் மானிட்டர் அன்று மத்தியானம் திடீரென்று கறுத்து உயிரை விட்டிருந்தது. சனிக்கிழமை கம்ப்யூட்டர் விளையாட்டின் இறுதிப் போட்டி. கம்ப்யூட்டரை அரங்கத்தில் கொடுத்துவிடுவார்கள். மானிட்டர் மட்டும் அவரவர் கண்ணுக்குப் பழகியதை அவரவரே கொண்டுபோக வேண்டும்.

"கலரே வேணாம்னு சொல்லலங்க. இருபத்துநாலு இன்ச் போதும். படம் சட்டு சட்டுன்னு மாறணும், அதான் முக்கியம். நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க, இந்த ஆட்டத்துல வந்து..."

"நூரு, இத்தன வருஷமா துணி பாத்து எடுக்கிறவன் நான். ஒரு கண்ணாடிப் பொட்டி பாத்து எடுக்கத் தெரியாதா? போன வை."

வைத்துவிட்டாள்.

ரவூப் தேக்கா கடைத்தெருவில், பஃபலோ ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். சேலையை விரலால் தடவியே எந்த ஊர் நெசவு என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாக இருந்தாலும் யாராலும் மறுத்துப் பேச முடியாது, அவ்வளவு அடித்துச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதருக்குப் போன வாரம் லிஃப்ட்டில் வைத்து இன்னொரு பெருமையும் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் அதே மாடியில் குடியிருக்கும் அண்ணாதுரை. குடியிருப்பாளர் குழுவில் தொண்டூழியர்.

"பாய், வாழ்த்துகள். கம்ப்யூட்டர் கேம் போட்டியில நம்ம செங்காங் டீம் ஃபைனலுக்குப் போயிருச்சு. பூன் லே வட்டார டீம் கூட மோதறாங்க. டீம்ல உங்க வீட்டு யூனிட்டும் இருக்கு."

"எங்க யூனிட்டா? யாரு?"

"பேரெல்லாம் என்கிட்ட இல்ல லா. யூனிட் நம்பரும் ஆட்டத்துக்கு வச்சிக்கிட்ட பேரும்தான் அனுப்பியிருக்காங்க. உங்க யூனிட்டுக்கு நேரா 'வட்டிலப்பம்'னு போட்டிருக்கு. கேப்டன் கவிப்ரியான்னு ஒரு பாலிடெக்னிக் பொண்ணு. அவளே சொல்றா, வட்டிலப்பம் இல்லன்னா டீமே இல்லன்னு."

ரவூப் வீட்டில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் ரவூப். இன்னொருத்தி நூருன்னிசா, ஆக மிச்சமிருப்பது அர்ஃபான். கணக்கு லிஃப்ட் கதவு திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அர்ஃபான் தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தான். வாரம் முழுக்க கேம்ப், வாரக் கடைசியில்தான் வீடு. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆடியே இந்தப் போடு போடுகிறான் என்றால் பையன் எப்பேர்ப்பட்டவன் என்று நினைத்து ரவூப் பூரித்துப்போனார். பெருநாளுக்கு நூருன்னிசா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பத்தை அவன் வாயிலும் வைக்கமாட்டான், இனிப்பே ஆகாது. இருந்தும் உம்மாவின் கைப்பண்டத்தைத் தன் பெயராக வைத்திருக்கிறானே என்று அவருக்குக் கண் கலங்கியது.

மகனுக்கு மெசேஜ் அனுப்பினார். போகவில்லை. காட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறான், போனைத் தொடமுடியாது என்றாள் நூருன்னிசா. "அதுக்கு மேல நான் சொல்றதையும் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தபோது ரவூப் பக்கத்துப் பூக்கடை வேலாயுதத்துக்கு போன் போட்டுவிட்டார்.

"என் மகன் செங்காங்குக்கு ஆடறான் வேலாயுதம். ரோடே வரணும். முன்வரிசை நம்ம வரிசை."

"கண்டிப்பா வர்றோம் பாய். தோத்துட்டா?"

"என் மகன் தோத்தா அப்புறம் இந்த ரோட்டுல நான் தல நிமிந்து ஷட்டர் தூக்க மாட்டேன்."

சாயங்காலத்துக்குள் இந்த வசனம் பஃபலோ ரோடு முழுக்கப் பரவிவிட்டது. இந்த நிலைமையில்தான் மானிட்டர் போனது, இனி புதியது சரியாக அமைந்தே ஆகவேண்டும்.

கம்ப்யூட்டர் கடைக்கு ரவூப் கையில் ஒரு பட்டுச்சேலையோடு போனார். கவுன்டரில் நின்ற ஞானசேகரன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கேமிங் மானிட்டரா அங்கிள்? என்ன கேம்?"

"சுடற கேம்."

"அப்ப இத எடுங்க. இருபத்துநாலு இன்ச். ஒரு செகண்டுக்கு இருநூத்து நாப்பது தடவ படம் மாறும். டோர்னமென்ட் ஆடறவங்க இததான் கேப்பாங்க."

ரவூப் சேலையைக் கவுன்டரில் விரித்தார். "இந்த மயில்கழுத்துப் பச்சைய போட்டோ புடிச்சு அதுல காட்டு."

காட்டினான். ரவூப் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இது பாசிப் பச்சை. ரெண்டு தண்ணி பாத்த துணி மாதிரி இருக்கு. அடுத்தது."

வரிசையாக எல்லாத் திரையிலும் மயில்கழுத்துப் பச்சை வந்தது. ஒன்றில் நீலம் தூக்கலாக இருந்தது, ஒன்றில் ஜரிகை பித்தளையாகத் தெரிந்தது. கடைசியில் மூலையில் ஒன்று, இரண்டரை முழ அகலத்தில், வில் மாதிரி வளைந்து நின்றது. அதில் பச்சை பச்சையாகவே வந்தது.

"இது டிசைன் வேல பாக்கறவங்களுக்கு அங்கிள். கேமுக்கு ஸ்லோவா இருக்கும்."

"ஸ்லோவா இருந்தா நிதானமா குறி பாத்துச் சுடுவான். பேக் பண்ணு."

வீட்டில் அர்ஃபானின் மேசை மேல் அதைத் தூக்கி வைத்தபோது இரண்டு பக்கமும் மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. நூருன்னிசா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இது மானிட்டரா, ஷோகேஸா?"

"மேசைதான் சின்னது" என்றார் ரவூப்.

மறுநாள் கடையிலிருந்து துணி வெட்டுகிற மேசை லாரியில் வந்தது. பித்தளை அளவுகோல் பதித்த மேசை. அது அறைக்கதவுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள், கதவுச் சட்டத்தில் பெயின்ட் போனதுதான் மிச்சம். சரியென்று ஹாலிலேயே போட்டார்கள். ஹாலில் போடவேண்டுமென்றால் சோபா வெளியே போகவேண்டும், அது தாழ்வாரத்துக்குப் போனது. அரைமணி நேரத்தில் அண்ணாதுரை வந்து கதவைத் தட்டினார்.

"பாய், காரிடார்ல சோபா வைக்கக் கூடாது. தீப்பிடிச்சா ஆளுங்க எப்படி ஓடுவாங்க?"

"ஃபைனல் வரைக்கும்தான் லா."

"தீ ஃபைனல் பாத்துட்டு வருமா பாய்?"

சோபா அர்ஃபானின் கட்டில்மேல் ஏறியது. ஹாலில் ஜன்னல் வெளிச்சம் நேராக வந்து திரையில் விழுந்து கண் கூசியது. அதற்கும் ரவூப்பிடம் வழி இருந்தது. கடையில் அபாயா அங்கி தைக்க வைத்திருந்த தடித்த கறுப்புத் துணியில் ஒரு சுருளை எடுத்துவந்து எல்லா ஜன்னலுக்கும் அடித்துவிட்டார். அண்ணாதுரை மறுபடி வந்தார், இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"பாய், கீழேருந்து பாத்தேன். வீட்டுல ஏதும் துக்கமா?"

வியாழக்கிழமை ரவூப் கடையிலிருந்து வந்தபோது வீடு சினிமாக் கொட்டகை மாதிரி இருட்டாக இருந்தது. திரை ஓடிக்கொண்டிருந்தது. நூருன்னிசா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"படம் இழுக்குதுங்க. திரும்பறதுக்குள்ள சுட்டுடறாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியாதா? இத வச்சு சனிக்கிழமை போனா பூன் லே பிள்ளைங்க சிரிப்பாங்க."

"கலரப் பாத்தியா, கலர? அந்த மண்ணு எப்படி மண்ணு மாதிரியே இருக்கு."

"மண்ண கவ்வறதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. சோபா அதன் இடத்தில் இருந்தது. துணி வெட்டுகிற மேசை கடைக்கே திரும்பிப் போயிருந்தது. அர்ஃபானின் பழைய மேசையில் அடக்கமாக ஒரு மானிட்டர் உட்கார்ந்திருந்தது.

"என்ன நூரு இது, கைக்குட்டையா?"

"கடையில போய் மாத்திட்டு வந்துட்டேன். ஞானசேகரன் தம்பி நல்ல மாதிரி, ஒரு வார்த்த கேக்காம மாத்திக் குடுத்துச்சு."

"இது அந்தப் பாசிப் பச்சை மானிட்டர். நான் வேணாம்னு ஒதுக்கினது."

நூருன்னிசா நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "சனிக்கிழமை ஜெயிக்கணுமா, சேல விக்கணுமா?"

ரவூப்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பஃபலோ ரோட்டு ஷட்டரும் ஞாபகத்துக்கு வந்தது. சாப்பிட்டுக் கைகழுவியதும் வேலாயுதத்தைக் கூப்பிட்டார்.

"பெருசு சரிப்படல வேலாயுதம். ரொம்ப யோசிச்சுப் பாத்து நானே சின்னதா ஒண்ணு எடுத்துட்டேன். இந்த விஷயத்துல எல்லாம் வேகந்தான் முக்கியம், கலர் இல்ல."

உள்ளே நூருன்னிசா இருமினாள்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஜெயித்துவந்த பிள்ளைக்கு மேடையில் பொன்னாடை போர்த்தாமல் விட்டால் துணிக்கடைக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்? கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பொன்னாடைகளைப் பிரித்துக் காட்டினார்.

"பச்சையா, மெரூனா?"

"மெரூன். பச்ச நம்ம நிறத்துக்கு எடுக்காது."

"அதுவும் சரிதான். கேம்ப்லேருந்து நேரா அங்க வருவான், வெயில்ல காஞ்சு காஞ்சு கறுத்திருப்பான்."

நூருன்னிசா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நானும் ஒரு வாரமா சொல்ல வர்றேன், நீங்க காது குடுத்தாத்தானே? பரவால்ல, நாளைக்கு வந்து பாத்துக்கங்க. நான் மானிட்டர எடுத்துக்கிட்டு முன்னாடியே டாக்ஸியில போயிடுவேன்."

சனிக்கிழமை அரங்கத்தின் முன்வரிசையில் பஃபலோ ரோடு அப்படியே பெயர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே தனி அறையில் இருந்தார்கள். வெளியே பெரிய திரையில் ஆட்டமும், ஆளுக்கு ஆள் அவர்கள் வைத்துக்கொண்ட பெயரும் மட்டுந்தான் தெரிந்தன. நூருன்னிசாவைக் காணவில்லை. மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது ஊட்டிக்கொண்டிருப்பாள் என்று ரவூப் நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். புரிந்ததெல்லாம் செங்காங் ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள் என்பதுதான். கேப்டன் கவிப்ரியாவும் விழுந்தாள். கடைசிச் சுற்று, இரண்டு பக்கமும் சமம். செங்காங்கில் மிச்சம் வட்டிலப்பம் மட்டும். பூன் லே பக்கம் மூன்று பேர் நின்றார்கள்.

"என்ன பாய், ஷட்டர நான் வந்து தூக்கவா?" என்றார் வேலாயுதம் காதோரமாக.

ரவூப் மடியில் இருந்த பொன்னாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வட்டிலப்பம் அவசரப்படவில்லை. ஒரு சுவர் ஓரமாக அசையாமல் நின்றது. முதல் ஆள் எட்டிப் பார்த்தான், விழுந்தான். இரண்டாவது ஆள் பின்னாலிருந்து வந்தான். கண் இமைக்கிற நேரத்தில் வட்டிலப்பம் திரும்பியது, அவனும் விழுந்தான். மூன்றாவது ஆள் ஓடித் தப்பப் பார்த்தான். முடியவில்லை.

அரங்கம் எழுந்து நின்று "வட்டிலப்பம், வட்டிலப்பம்" என்று கத்தியது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து தன் வீட்டுப் பெருநாள் பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டு ரவூப் வெட்கமில்லாமல் அழுதார். அவர் வாழ்நாளில் இவ்வளவு பெருமையை ஒரே நேரத்தில் சுமந்ததில்லை.

"பாத்தியா வேலாயுதம், அந்த நிதானத்த? அந்தக் கண்ணு யாரு கண்ணு? துணியில ஒரு இழ விட்டிருந்தாலும் புடிக்கிற கண்ணு. எல்லாம் என் ரத்தம்."

"மானிட்டரும் நல்லாத்தான் எடுத்திருக்கீங்க பாய்."

"அதுவும் என் கண்ணுதான்" என்றார் ரவூப், கொஞ்சமும் கூசாமல்.

மெரூன் பொன்னாடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பஃபலோ ரோடு பின்தொடர, ஆட்டக்காரர்களின் அறை வாசலுக்குப் போனார். முதலில் வெளியே வந்தது கவிப்ரியா.

"ஜெயிச்சிட்டீங்கம்மா, ரொம்பப் பெருமையா இருக்கு. அர்ஃபானக் கொஞ்சம் வரச் சொல்லு, அவன் அத்தா நிக்கிறேன்னு சொல்லு."

"அர்ஃபான் அண்ணனா? அவங்க நாளைக்குத்தானே அங்கிள் கேம்ப்லேருந்து வர்றாங்க" என்றாள் கவிப்ரியா. "கொஞ்சம் நில்லுங்க, வட்டிலப்பம் ஆன்டி மானிட்டரத் துடைச்சுப் பொட்டியில வைக்கிறாங்க, மெரூன் வந்துருச்சான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."