தொண்டை கட்டிய சனிக்கிழமை

சனிக்கிழமை காலை மாஸ்டர் மைதானத்தின் நடுவில் நின்று, மார்பை நிமிர்த்தி, "நட" என்றார். வெறும் காற்றுதான் வந்தது.

மறுபடி சொல்லிப் பார்த்தார். துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பிப் பாதியில் நின்றது. மூன்று மட்டக்குதிரைகளும் அவரைப் பார்த்தன. மேலே உட்கார்ந்திருந்த மூன்று குழந்தைகளும் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

"என்னங்க, தொண்டை கட்டிருச்சா?" என்று வேலியோரத்திலிருந்து அவர் மனைவி கேட்டாள்.

கட்டாமல் என்ன செய்யும்? நேற்று சாயங்காலம் இதே குழந்தைகளை ஏற்றி வைத்து ஒத்திகை. என்றுமில்லாத திருநாளாகக் குதிரைகள் மூன்றும் நட்டு வைத்த கம்பம் போல நின்றுவிட்டன. மாஸ்டர் கத்தினார். குதித்துக் குதித்துக் கத்தினார். இருட்டியதுதான் மிச்சம்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா குரல் போக வேண்டும்? பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வாரா வாரம் ஒரு வகுப்பே இங்கே குதிரையேற்றம் கற்க வரும். பிடிக்காவிட்டால் இந்தக் குதிரைப் பள்ளியை இழுத்து மூடிவிட்டு, மச்சினனின் டைல்ஸ் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். மச்சினன் காலையிலேயே வந்துவிட்டான். ஒத்தாசைக்கு வந்ததாகச் சொன்னான். ஆனால் கையில் டேப் வைத்துக்கொண்டு, டைல்ஸ் அடுக்க எந்த மூலை தோதுப்படும் என்று அளந்துகொண்டிருந்தான்.

தலைமை ஆசிரியை போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். "குழந்தையைச் சும்மா உக்கார வச்சு ஒரு சுத்து காட்டறதுக்கு நாங்க அனுப்பல மாஸ்டர். குழந்தை தானா ஓட்டுதான்னு நான் பாக்கணும்."

அங்கேதான் சிக்கல். குழந்தைகளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: "கடிவாள வாரைத் தளர்த்திப் பிடி. மத்ததை மாஸ்டர் பாத்துக்கறேன்." அவர் 'நட' என்றால் குதிரை நடக்கும். 'ஓடு' என்றால் ஓடும். 'நில்' என்றால் நிற்கும். பெற்றோர் கைதட்டுவார்கள். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. மாஸ்டரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முன்னால் நின்ற வெள்ளைக் குதிரைக்கு மேனேஜர் என்று பெயர். அதன் மேல் இருந்த இரட்டைச் சடைப் பெண் கையைத் தூக்கினாள். "மாஸ்டர், நாங்களே..."

மாஸ்டர் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினார்.

"நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்று மனைவி உள்ளே வந்தாள். "வாரைத் தளர விடுங்கப்பா. ம், நட."

குதிரைகளுக்கு அவள் குரல் நன்றாகத் தெரியும். தினமும் இரண்டு வேளை கேரட் கொண்டுவரும் குரல் அது. மூன்றும் சட்டென்று திரும்பி, குழந்தைகளோடு அவளை நோக்கி நடந்தன. மேனேஜர் அவள் கைப்பையை மோந்தது. நடுக்குதிரையின் பெயர் தகராறு. பெயருக்கேற்ப அது பையின் வாரைக் கடித்து இழுத்தது. கடைசிக் குதிரை பாப்பாவுக்கு வயதாகிவிட்டது. ஆகவே அது நிதானமாக வந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததை, அதாவது அவள் முந்தானையை, மெல்ல ஆரம்பித்தது.

"புதுப் புடவைடி" என்று அவள் பாப்பாவிடம் முறையிட்டாள்.

தகராறின் மேல் இருந்த கண்ணாடிக்காரப் பையன் அடக்க முடியாமல் சிரித்தான். பாப்பாவின் மேல் இருந்த பல் விழுந்த பொடியன் சிரிக்கவில்லை. மாஸ்டரின் தொண்டையையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முந்தானை மீட்கப்பட்டதும் மச்சினன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "அத்தான், உங்க குரல்தானே வேணும்? விளம்பரத்துக்குன்னு அக்கா எடுத்த வீடியோ என் போன்ல இருக்கு. ஸ்பீக்கர்ல போட்டுவிட்டா வேலை முடிஞ்சுது."

மாஸ்டருக்கு அவனை முதன்முறையாகக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

இரட்டைச் சடை மறுபடி கையைத் தூக்கினாள். "மாஸ்டர், வீடியோ வேண்டாம். நாங்களே..."

மறுபடி விரல் உதட்டுக்குப் போனது. வாரைத் தளர விடும்படி சைகையும் காட்டினார்.

"நட" என்று ஸ்பீக்கர் முழங்கியது. குதிரைகள் நடந்தன. "ஓடு" என்றது. அழகாக ஓடின. மாஸ்டர் தன் குரலைத் தானே கேட்டுச் சொக்கிப்போனார். இவ்வளவு கம்பீரமா நமக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. தலைமை ஆசிரியை இறங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் சொன்னது: "சரி, இன்னிக்கு இது போதும். எல்லாம் லாயத்துக்குப் போங்க."

குதிரைகளுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. மூன்றும் வரிசை கலையாமல் லாயத்துக்குள் நுழைந்து மறைந்தன. மாஸ்டர் மச்சினனைப் பார்த்து அணை, அணை என்று கையை ஆட்டினார். மச்சினன் பதற்றத்தில் எதையோ அழுத்த, சத்தம் கூடியது. "போ, போ, வேடிக்கை பாக்காத" என்று ஸ்பீக்கர் தலைமை ஆசிரியையைப் பார்த்துக் கத்தியது.

மாஸ்டர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி, ஸ்பீக்கரைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"குதிரைங்க எங்க?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"உள்ள ஓய்வெடுக்குதுங்க மேடம்" என்றாள் மனைவி.

"குழந்தைங்க?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அவங்களும்தான்."

தலைமை ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மச்சினன் சத்தமில்லாமல் டேப்பை மறுபடி வெளியே எடுத்தான். மாஸ்டருக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷ உழைப்பு இப்படியா முடிய வேண்டும்? அவர் முகத்தைப் பார்த்துப் பொறுக்க மாட்டாமல் மனைவி ஒரு டம்ளர் வெந்நீரை அவர் கையில் திணித்தாள்.

லாயத்து வாசலில் மேனேஜரின் தலை தெரிந்தது. மேலே இரட்டைச் சடை. "மாஸ்டர், நாங்களே ஓட்டட்டுமா?"

மாஸ்டர் விரலை உதட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். ஒரு கையில் வெந்நீர், இன்னொரு கையில் ஸ்பீக்கர். விரலுக்கு வழியில்லை.

"சரின்னுட்டாரு" என்றாள் அவள்.

வாரை இழுத்துக் கையில் அளவாகச் சுற்றிக்கொண்டாள். குதிகாலால் லேசாக ஒரு தட்டு. மேனேஜர் புறப்பட்டது. பின்னால் தகராறு, அதன் பின்னால் பாப்பா. மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். நடுவில் வரிசையாக வைத்திருந்த பீப்பாய்களுக்கு இடையே வளைந்து வளைந்து போனார்கள். தகராறு கைப்பையை நினைத்து வேலிப்பக்கம் திரும்பியது. கண்ணாடிக்காரப் பையன் ஒரே இழுப்பில் அதை வழிக்குக் கொண்டுவந்தான். கடைசியில் மூவரும் ஓட்டமாக வந்து, தலைமை ஆசிரியையின் முன்னால் வரிசையாக நின்றார்கள். பாப்பா கூட வரிசை தப்பவில்லை.

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை.

தலைமை ஆசிரியை அவரிடம் வந்தார். "நானும் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். இந்த வயசுக் குழந்தைங்களை நம்பி, வாயே திறக்காம ஒதுங்கி நிக்கிற வாத்தியாரை இப்பதான் பாக்கறேன். அடுத்த வாரத்துலேருந்து அனுப்பறேன்."

கார் போனது. மச்சினனும் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான்.

இரண்டாவது டம்ளர் வெந்நீருக்குப் பிறகு மாஸ்டருக்குக் கொஞ்சம் குரல் வந்தது. அதோடு பழைய தோரணையும் வந்தது. "பாத்தியா" என்று மனைவியிடம் கீச்சென்றார். "எல்லாம் நான் குடுத்த பயிற்சி. ஆனா நேத்து ஒத்திகையில அந்தக் குதிரைங்களுக்கு என்னதான் வந்துச்சுன்னு தெரியல. தொண்டை கிழியக் கத்தியும் ஒரு அடி எடுத்து வைக்கலயே."

காலையிலிருந்து வாயே திறக்காத பொடியன் பாப்பாவின் மேலிருந்து இறங்கி வந்தான். இரட்டைச் சடை கண்ணைக் காட்டியதை அவன் கவனிக்கவில்லை.

"குதிரைங்க பாவம் மாஸ்டர், நீங்க சொன்னப்பல்லாம் நடக்கத்தான் பாத்துச்சுங்க. உங்க தொண்டை கட்டுற வரைக்கும் நாங்கதான் வாரை இழுத்துப் பிடிச்சிருந்தோம்."