ஊர் கேட்க ஒரு 'சரிங்க'

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த ஊரில் ஒருத்தரும் தன்னை 'சரிம்மா' என்று கூப்பிடக் கூடாது. குழாய்க்காரர் முகம் முழுக்க சோப்பு நுரையோடு, கண்ணாடி முன்னால் நின்று எடுத்த சபதம் அது. எடுத்த கையோடு கண்ணாடிக்குள் இருந்தவரை ஒரு முறை முறைத்தார். உள்ளே இருந்தவர் பயந்த மாதிரிதான் தெரிந்தது.

"என்னங்க, சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுது" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சரிம்மா."

பாருங்கள், சபதத்தின் நுரைகூட இன்னும் காயவில்லை.

பட்டப்பெயரை வைத்தவர் கடற்கரைச் சாலை சலூன்காரர். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. குழாய்க்காரரின் தொழில்முறை அப்படி. எந்த வீட்டில் வேலை என்றாலும் அவர் மாடியில் குழாயின் திறந்த முனையில் இருப்பார், மனைவி கீழே வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை காலிக் குழாய் வழியாகத்தான். "மூடிட்டேன், கழட்டிக்குங்க." "சரிம்மா." "திறக்கட்டுமா?" "இரும்மா." கல்யாணமான புதிதில் ஒருநாள், ஆம்பளை எதற்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று கௌரவம் பார்த்துச் சும்மா இருந்துவிட்டார். பதில் வராததால் அவள் திறந்துவிட்டாள். அன்றைக்கு நனைந்த நனைதலில், குழாயிலிருந்து குரல் வந்தால் அவரைக் கேட்காமலே அவர் வாய் பதில் சொல்லப் பழகிக்கொண்டது.

அந்தப் பழக்கத்துக்கு வாழ்வு வந்தது ஒரு சிற்பியால். கடற்கரையில் ஜனங்கள் தொட்டு விளையாடுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளியூரிலிருந்து வந்த அம்மா அவர். என்ன செய்வது என்று தெரியாமல் தெருத்தெருவாகச் சுற்றினார். ஒரு வீட்டு வாசலில், ஒரு பெண் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார். சுவர் "சரிம்மா" என்று பதில் சொன்னதும் அங்கேயே படியில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்போது கடற்கரை நடைபாதை ஓரமாக, மணலுக்கடியில் நீளக் குழாய் ஒன்று ஓடுகிறது. அங்கங்கே ஆள் தலை நுழைகிற அளவுக்கு அகன்ற வாய்கள், மொத்தம் ஐந்து. ஒன்றில் பேசினால் மற்ற நாலிலும் கேட்கும். பக்கத்தில் ஒரு பலகை: 'தொடவும். பேசவும். விளையாடவும்.' "கத்தினா இரைச்சல்தான் வரும். ரகசியமாப் பேசினா ரொம்பத் தெளிவாக் கேக்கும்" என்று சிற்பி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அத்தனை குழாயையும் பதித்தவர் யார்? நம்ம ஆள்தான். ஒவ்வொரு இணைப்பையும் பெற்ற பிள்ளை மாதிரி தடவிக் கொடுத்தார். நடக்க வந்தவர்களை நிறுத்தி, வளைவு எங்கே, வாட்டம் எவ்வளவு என்று விளக்கினார். மணல் புகுந்தால் அலசிவிடத் தெற்குக் கோடி வாயடியில் ஒரு தண்ணீர் இணைப்பும் வால்வும் வைத்தது முழுக்க அவருடைய யோசனை. சிற்பியே பாராட்டினார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு மட்டும் அந்தம்மா சிரித்தார். "திறப்பு நாள்ல ஊர் எப்படிக் கூப்பிடுதோ அதையே பித்தளையில பதிச்சுடலாம்."

அன்று சாயங்காலம் சலூன்காரர் வாயைக் கிளறினார்.

"அண்ணே, உங்க வீட்டம்மா ஒரு தடவையாவது உங்களுக்குச் 'சரிங்க' சொல்லியிருக்காங்களா?"

"தினம் சொல்றா."

"நாங்க யாரும் கேட்டதில்லையே."

"ஞாயித்துக்கிழமை ஊரே கேக்கும்."

"கேட்டுட்டா, அன்னையிலேருந்து சரிம்மா கிடையாது. உங்களை ஐயான்னுதான் கூப்பிடுவேன்."

ஐயா. அந்த ஒரு வார்த்தைக்காகக் குழாய்க்காரர் வாழ்நாளில் முதல் முறையாக மனைவியிடம் திட்டம் போட்டுப் பேசினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீ தெற்குக் கோடியில நிக்கணும். நான் வடக்குலேருந்து என்ன பேசினாலும் 'சரிங்க'ன்னு மட்டும் சொல்லணும்."

"எதுக்காம்?"

"ஒலி சோதனை. அந்தச் சொல்லுக்குத்தான் குழாய் நல்லா அதிருமாம். சிற்பிம்மா சொன்னாங்க."

"அப்படியா." ஒரு துண்டை மடித்து வைத்தாள். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். "சரிங்க."

இவ்வளவு சுலபமாகவா என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த 'அப்படியா'வைக் கேட்டு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவளே. வடக்குக் கோடி வாய்க்குள் குழாய்க்காரர் தலையை நுழைத்தார். பின்னால் வரிசை அவர் முதுகில் ஏறாத குறை. நடு வாயில் சலூன்காரரும் பாதி ஊரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஏம்மா, கேக்குதா?"

"சரிங்க."

ஊர் 'ஓ'வென்றது. அவருக்கு மார்பு ரெண்டு அங்குலம் அகன்றது.

"நம்ம வீட்டுல நான் வச்சதுதான் சட்டம். என்ன?"

"சரிங்க."

"எங்க போனீங்க, ஏன் லேட்டுன்னு இனிமே கேள்வி கேக்கக் கூடாது."

"சரிங்க."

"ஐயா" என்றார் சலூன்காரர் நடு வாயிலிருந்து. காதில் தேன் பாய்ந்தது. அதோடு தலையை வெளியே எடுத்திருக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறவரை என்ன செய்ய முடியும்?

"கடைசியா ஒண்ணு. அந்தச் சமையலறைக் குழாய்ப் பேச்சை இனி எடுக்கவே கூடாது."

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் 'கிறீச்' என்று ஒரு சின்ன சத்தம். கேட்டவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. புது வால்வை முதல் தடவை திருப்பினால் அப்படித்தான் கத்தும். வைத்தவர் அவர்தானே.

"என்னங்க, தண்ணி திறக்கட்டுமா?"

"இரும்மா."

"இதுக்கும் ஒரு 'சரிங்க' சொல்லட்டுமா? சிற்பிம்மா என் பக்கத்துலதான் நிக்கறாங்க. ஒலி சோதனைன்னு ஒண்ணு இருக்கறது அவங்களுக்கே இப்பத்தான் தெரியுதாம்."

நாலு வாயிலும் சிரிப்பு கிளம்பி ஐந்தாவது வாயில் அவர் முகத்தில் வந்து மோதியது.

"விளையாடாதம்மா. ஊரே கேக்குது."

"விளையாடவும்னுதானே பலகையில போட்டிருக்கு. சமையலறைக் குழாயை நாளைக்கே சரி பண்ணுவீங்களா?"

பின்னால் நகர இடமில்லை. கௌரவம் 'பேசாதே' என்றது. வெள்ளைச் சட்டை 'பேசு, பேசு' என்றது. இன்னொரு 'கிறீச்' கேட்டது. அவர் வாய் ரெண்டு பேரையும் கலந்துகொள்ளாமல், பழைய வழக்கப்படி தானே முடிவெடுத்தது.

"சரிம்மா."

கடற்கரை முழுக்க ஐந்து வாயிலும் ஒரே நேரத்தில் அந்தச் 'சரிம்மா' ஒலித்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு வாயைப் பிடித்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் பெரியவர்கள். வரிசையில் நின்ற அத்தனை கணவன்மார்களும் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேர்ந்த குரலில் சொன்னார்கள். பெயர் வைக்க வேறு யோசனையே ஊருக்கு வரவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை முந்திக்கொண்டு பெருமை வந்து நின்றது. என்ன தெளிவு! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு எழுத்து ஒழுகவில்லை, ஒரு இணைப்பு முனகவில்லை. அந்த வால்வைத் திறக்காமலே தன் வாயைத் திறக்க வைத்தவளை நினைத்தாலும், சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. அடுத்த வாரம் பித்தளைத் தகடு வந்தது. பெரிய எழுத்தில் 'சரிம்மா'. கீழே சின்னதாக, 'கருத்து: குழாய்க்காரரும் அவர் மனைவியும்.' அதை வடக்குக் கோடி வாயருகே பொருத்துகிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. ஊரில் எத்தனை பேருடைய பட்டப்பெயர் பித்தளையில் ஏறியிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கடைசித் திருகை முடுக்கி, சட்டை நுனியால் தகட்டைத் துடைத்தார். சூரிய வெளிச்சத்தில் அது பளபளத்தது.

தெற்குக் கோடியிலிருந்து மனைவியின் குரல் குழாய் வழியாக வந்தது. "முடிஞ்சுதா? வர்றப்ப குளியலறைக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிட்டு வாங்க."

இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். வெயிலில் பக்கத்தில் நடைபாதை காலி. யாருக்கும் கேட்கக் கூடாது என்று வாய்க்குள் தலையை நன்றாக நுழைத்து, ரகசியமாக, "சரிம்மா" என்றார்.

ரகசியம்தான் இதில் ரொம்பத் தெளிவாகக் கேட்கும் என்று சிற்பி சொன்னது அவர் நினைவுக்கு வருவதற்குள், நடு வாயிலிருந்து சலூன்காரர் பதில் சொன்னார்.

"சரிங்க, ஐயா."