சில்வர் பீச்சில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவன். சிதம்பரத்தில் ஒரு பெயிண்ட் கடையில் வேலை. இத்தனை வருடத்தில் நான் அதிகமாக எழுதியது டப்பா மூடியின் மேல் கலர் நம்பர்தான். நான்கு பேர் இருக்கும் இடத்தில் பேச வேண்டி வந்தால் எனக்குக் காது சிவந்துவிடும். எங்கள் தெருக்காரர்கள் போடும் பொங்கல் மலருக்கு, "ஒருநாள் பீச்சுக்குப் போனால் என்ன செய்யலாம், எங்கே சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. (எனக்கு வந்த வம்பெல்லாம் இப்படித்தான் வந்தது.) சிரித்துக்கொண்டே ஏன் கேட்டார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. நான் பீச்சுக்குப் போன கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆயிற்று. அப்பா பெயர் கலியபெருமாள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லாரி ஓட்டியவர். ஹாரன் தேவைப்படாத குரல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து காயமும் ஆறிவிட்டது. ஆனால் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "என் கதை முடிஞ்சிபோச்சு" என்பார். சோறு வைத்தால் நாலு வாய். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதயம் நல்லா இருக்கு. மனசுதான் படுத்துடுச்சு. அவர் எழுந்து நடக்கலேன்னா நான் பண்ணினதெல்லாம் வீண்" என்றார்.

அதன்பின் எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தைக்குத் தடை. கெட்ட வார்த்தை என்றால் சாவு, எழவு, கருமாதி. டிவியில் யாராவது செத்தால் அம்மா சேனலை மாற்றிவிடுவாள். பால்காரர் போய்ட்டார் என்றுகூடச் சொல்லக்கூடாது, நாளைக்கு வருவார் என்று சொல்ல வேண்டும்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் செந்தில், கடலூர் முதுநகரில் இருக்கிறார். சிப்காட்டில் வேலை. அவர்தான் யோசனை சொன்னார். "மச்சான், மாமாவ ஒருநாள் எங்க ஊரு சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கினு வாங்க. கடக்காத்து பட்டா எந்திரிச்சி உக்காருவாரு."

அம்மாவுக்கும் சரி என்று பட்டது. "தை அமாவாசைக்கே போவலாம். நெறஞ்ச நாளு."

அமாவாசை அன்று கடற்கரை முழுக்க முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் கூட்டமாக இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைச் செய்கிறவர் அப்பாதான். அந்த வருடம் அவருக்கு முடியாததால் பேச்சே எழவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளை எள்ளைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

காலையிலேயே செந்தில் காரோடு வந்துவிட்டார். என் மனைவி செல்வி இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கட்டி எடுத்துக்கொண்டாள். பீச்சில் ஒரு குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். செந்தில் குதிரையைக் காட்டினார், பலூன் சுடும் கடையைக் காட்டினார். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை. அரை இட்லி தின்றுவிட்டுக் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எதைப் பார்த்தாலும் அது சுவர் மாதிரிதான் அவருக்கு.

"ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க மச்சான்" என்றார் செந்தில். சட்டையைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியோடு இறங்கி முழுகிவிட்டு வெளியே வந்தேன்.

இங்கே என் முதல் ஆலோசனை. தை அமாவாசை அன்று வெறும் உடம்போடு, ஈர வேட்டியோடு, தலையில் தண்ணீர் சொட்டக் கடற்கரையில் நடக்காதீர்கள். வேறு எதற்கு வந்தேன் என்று சொன்னாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மணலில் வரிசையாக ஆட்களை உட்கார வைத்து ஒரு ஐயர் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். கழுத்தில் சின்ன மைக், இடுப்பில் ஸ்பீக்கர். என்னைப் பார்த்ததும், "வாங்கோ, ஒரு இடம் இருக்கு, சீக்கிரம் உக்காருங்கோ" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. அத்தனை கண்களுக்கு முன்னால் நான் இதற்கு வரவில்லை என்று சொல்வதைவிட உட்காருவது சுலபமாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். விரலில் தர்ப்பை மோதிரம் ஏறியது. உள்ளங்கையில் எள் விழுந்தது. நடுவில் நைசாக எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"தெரியலேன்னா சிவ கோத்திரம். அப்பா பேரு?"

பள்ளிக்கூடத்திலிருந்து ரேஷன் கடை வரை அப்பா பெயர் கேட்டால் பட்டென்று சொல்லியே பழக்கம். சொல்லிவிட்டேன்.

"சிவ கோத்திரம், கலியபெருமாள். கலியபெருமாளுக்கு எள்ளும் தண்ணியும் விடுங்கோ" என்று ஸ்பீக்கர் கடற்கரைக்கே அறிவித்தது.

குடைக்குக் கீழே நடந்ததைப் பிறகு செல்வி சொன்னாள். முதலில் கேட்டது செந்தில்தான். "மாமா, மைக்குல ஒங்க பேரக் கூப்புடுறாங்க. எதுனா பரிசுக் குலுக்கலா இருக்கும்" என்றாராம். அம்மா திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அதுவரை கழிவறைக்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்த மனிதர், மணலில் செருப்பில்லாமல் நேராக வந்தார்.

"டேய், யாருக்குடா எள்ளு எறைக்கிற?"

அந்தக் குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

ஐயர் நிமிர்ந்தார். "நீங்க யாரு? வரிசையில வாங்கோ."

"இப்பக் கூப்டீங்களே சாமி, கலியபெருமாளு. வந்துட்டேன்."

மைக் ஆனில்தான் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவர் எள்ளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றார். ஐயர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா கூப்பிடறேன். நேர்ல யாரும் வந்ததில்லை" என்றார்.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. அப்பாவின் முகம் சிவந்து நெஞ்சு ஏறி இறங்கியது. டாக்டர் காப்பாற்றிக் கொடுத்தவரை நான் மணலில் வைத்துக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கையில் தண்ணீர் வேறு. அதைக் கீழே விட்டால் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயந்து கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"முழுசா உட்டுட்டியா?" என்றார் அப்பா.

"பாதி உட்டுட்டேம்பா."

"பாதி." தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டார். "எதையாவது முழுசாச் செஞ்சிருக்கியாடா நீ?" தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று ஓடி வந்த அம்மா, பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு நின்றாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐயர் மோதிரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, "தோஷமில்லைம்மா. இப்படி ஆனா ஆயுசு கெட்டி" என்று அம்மாவுக்குச் சொன்னார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கும் ஒரே ஒரு கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "செந்திலு, அங்க சங்கரா வறுக்குறான் பாரு. ரெண்டு வாங்கியா."

"மாமா, டாக்டரு பத்தியம் சொல்லிருக்காரே."

"செத்தவனுக்கு என்னாய்யா பத்தியம்?"

"இன்னைக்கு அமாவாசைங்க" என்றாள் அம்மா.

"அமாவாசன்னா என்னா? போய்ச் சேந்தவனுக்குப் புடிச்சதப் படைக்கிற நாளு. ஒம் புள்ள இப்பதான் என்ன அந்த லிஸ்ட்டுல சேத்தான். படைங்க."

அம்மா ஒரு மீனுக்குத்தான் சம்மதித்தாள். அதன் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றி ஒற்றி எடுத்துத்தான் கொடுத்தாள். அப்பா முள்ளைக்கூட விடவில்லை. மீதி இட்லியையும் கொத்சு தொட்டு முடித்துவிட்டு, மாங்காய் பத்தை கேட்டார். அமாவாசைக்காக நாங்கள் மீனைத் தொடாமல் சுத்தமாக உட்கார்ந்து அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆக, எங்கே சாப்பிடலாம் என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கடை மீன் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் தின்றதில்லை.

இன்றைக்கும் வாசலில் வந்து யாராவது "கலியபெருமாளு" என்று கூப்பிட்டால், "எள்ளா, இட்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா எழுவார். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் செந்தில் போன் போட்டு, "மச்சான், மீதிப் பாதிய எப்ப உடப்போறீங்க?" என்பார். அப்பா போனைப் பிடுங்கி அவரே பதில் சொல்லிக்கொள்கிறார்.

பீச்சுக்குப் போய்வந்த மறுநாள் காலை அப்பாவுக்கு வயிறு சரியில்லை. மோர் மட்டும் குடித்தார். சாயந்திரம் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழவீதி வரை நடந்துபோய்விட்டு வந்தார்.