ஒன்பது அம்சச் சம்மதக் கடிதம்

"அகஸ்ரின் அண்ணை, உங்கட டயறியை இனி ஒளிச்சு வையுங்கோ. பொலிஸ் வரும்," என்று சிரித்துவிட்டு, ஆறாம் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினான் கிளிபோட்.

அகஸ்ரினும் பின்னாலேயே இறங்கினார். "நில்லடா! என்ன பொலிஸ்?"

"றேடியோவில கதைச்சவங்கள். புதுசா ஒரு பிரைவசிச் சட்டம் கொண்டுவர யோசிக்கினமாம். மற்ற ஆக்களின்ர விபரத்தை வைச்சிருந்தால் எழுத்தில சம்மதம் வேணுமாம்."

"எங்கட வட்ஸ்அப் குறூப்புக்குமோ?"

"ஆருக்குத் தெரியும்? இன்னும் சட்டமாகேல்லை."

கனடாவின் டோர்செட் பார்க்கில் உள்ள அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் தமிழர் குறூப்புக்கு அகஸ்ரின்தான் அட்மின். அவரோடு சேர்த்து இருநூற்றுப் பதின்மூன்று பேர். அத்தனை பேரின் பிறந்தநாளும் அவருடைய டயறியில் இருந்தது. காலை ஆறு மணிக்கு ரோசாப்பூப் படத்தோடு வாழ்த்துப் போகும், வயதும் சேர்த்துத்தான். பன்னிரண்டு வருடம் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியபோது அவரை எல்லோரும் 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள். 'தலைவர்' ஆனது இந்தக் குறூப்பில்தான். இது போனால் அவர் மறுபடியும் வெறும் பத்தாம் மாடிக்காரர்.

அன்றே கடிதம் எழுதினார். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி ஒன்பது அம்சங்கள். ஒன்பதாவது: 'முழுப்பெயர், பிறந்த திகதி, வீட்டு இலக்கம் ஆகியவற்றை எழுதி, சம்மதம் எனக் குறிப்பிட்டுப் பதிலிடவும்.'

பதிலிட்டார்கள். குறூப்பிலேயே.

பத்து நிமிடத்துக்குள் பதிலிட்ட அத்தனை பேரின் அந்தரங்கமும் எல்லோர் கையிலும் இருந்தது. நாலாம் மாடிப் பேபி மட்டும் குரல்பதிவில் கேட்டாள்: "அண்ணை, எந்தத் திகதி? பிறந்ததோ, கனடாவுக்கு வந்த கடதாசியில இருக்கிறதோ?"

அந்தக் கேள்வி வருமுன்பே பாதிப் பேர் ஒன்றை எழுதியிருந்தார்கள், மீதிப் பேர் மற்றதை. கணக்குப் பார்த்தால், பொன்னம்பலம் தன் கூடப்பிறந்த அக்காவுக்கு மூன்று மாதம் மட்டுமே இளையவர்.

"உங்கட அம்மா கெட்டிக்காரி," என்று யாரோ எழுதினார்கள்.

"தலைவர், உடனே அழியுங்கோ!" என்று பொன்னம்பலம் போனில் கத்தினார்.

அகஸ்ரின் எல்லாவற்றையும் அழித்தார். 'தலைவர் எதை மறைக்கிறார்?' என்று கேள்வி வந்தது. எனவே பத்தாம் அம்சம் ஒன்றைச் சேர்த்தார்: 'இரண்டு திகதிகளையும், வித்தியாசத்துக்கான காரணத்தையும் எனக்குத் தனியாக அனுப்பவும்.'

அனுப்பினார்கள்.

"அண்ணை, நான் என்ர மனுசனுக்கு நாலு வயசு மூப்பு," என்றாள் கஜனி. "அவருக்கே தெரியாது. சட்டமெண்டபடியால் உங்களுக்குச் சொல்லுறன்."

முன்பு டயறியில் ஆளுக்கு ஒரு பிறந்தநாள்தான் இருந்தது. இப்போது ஆளுக்கு இரண்டு, நடுவில் ஒரு கதை. டயறி நிரம்பியதால், மீதியை எழுத ஒரு கொப்பி வாங்கினார்.

கொப்பியைப் பார்த்த கிளிபோட் தலையில் கை வைத்தான். "அண்ணை, இதைத்தானே அந்தச் சட்டம் வேண்டாமெண்டுது!"

அடுத்ததாக, சம்மதம் தராதவர்களை நீக்கினார். அறுபத்தெட்டுப் பேர். அவருடைய மனைவி கிறிஸ்ரினாவும் அதில் அடக்கம்.

"வீட்டுக்குள்ள இருக்கிறவளும் கடிதம் தரவேணுமோ?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்."

"நல்லது," என்றுவிட்டு அவள் தன் போனைத் தட்டத் தொடங்கினாள். சண்டை வருமென்று நின்ற அகஸ்ரினுக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

நீக்கப்பட்டவர்கள் கோபித்தார்கள். மிஞ்சியவர்கள், 'எங்களை மட்டும் ஏன் வைச்சிருக்கிறார்?' என்று பயந்தார்கள். சனிக்கிழமை காலை அகஸ்ரின் டயறியையும் கொப்பியையும் கிழித்துப்போட்டு, குறூப்பையே கலைத்தார். 'இத்துடன் யாவும் நிறைவுபெறுகின்றன. இப்படிக்கு, தலைவர்.'

ஒருவராவது போன் எடுத்து ஏன் என்று கேட்பார் என்று பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை.

"மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்காமல், நண்டுக்கறிக்கு ரெண்டு ரின் தேங்காய்ப்பால் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள் கிறிஸ்ரினா.

வாங்கித் திரும்பி லிஃப்டில் ஏறினார். நாலாம் மாடியில் அது குலுங்கி நின்றது. கதவு திறக்கவில்லை. தேங்காய்ப்பால் ரின்னின் தகர அடியால் கதவில் தட்டினார்.

"ஆர் உள்ளுக்க?" பேபியின் குரல். "அகஸ்ரின் அண்ணையோ? பதினொரு மணிக்கு லிஃப்ட் நிக்குமெண்டு குறூப்பில போட்டதெல்லே!"

"குறூப்பை நான் காலமை கலைச்சிட்டனே!"

"அதில்லை அண்ணை. மற்றது."

"எந்த மற்றது?"

வெளியே பேபி போனில் ஏதோ தட்டுவது கேட்டது.

"நீங்கள் இல்லாத குறூப். ஏழு வருஷமா ஓடுது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்."

அகஸ்ரின் ரின்களை மெல்லக் கீழே வைத்தார். "அதுக்கு ஆர் அட்மின்?"

பேபியின் போன் 'டிங்' என்றது.

"அது பிரைவசி அண்ணை, சொல்ல ஏலாது. தேங்காய்ப்பால் வாங்கினீங்களோ எண்டு மட்டும் கேக்கட்டாம்."