கொழுகொழு குழந்தைகளும் என் பென்சிலும்

ஒரு வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டவனை நம்பி எதையும் ஒப்படைத்துவிட்டு யாரும் வெளியூர் போகக் கூடாது. என்னை நம்பி அப்படிப் போனவர் அந்துவான் அண்ணன். புதுச்சேரியில் ஸ்டூடியோ வைத்திருந்தார், எனக்கு முதலாளி. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. காதை மூடும் முடி, யானைக்கால் பேன்ட், இந்த ஊரில் என்னை விட்டால் படம் பிடிக்க ஆளில்லை என்ற எண்ணம், இவ்வளவுதான் என் சொத்து.

அப்போதுதான் டச்சிங் கற்றிருந்தேன். (செல்போனில் விரலால் தேய்த்து முகத்தை வெளுக்க வைக்கும் பிள்ளைகளுக்கு இது புரியாது.) நெகட்டிவில் கறுப்பெல்லாம் வெளுப்பாகத் தெரியும். முகத்தில் இருக்கும் பரு அங்கே வெளுத்த புள்ளியாக நிற்கும். சீவிச் சீவி ஊசியாக்கிய பென்சிலால் அந்தப் புள்ளியை மெல்ல நிரப்பினால், பிரிண்ட் போடும்போது பரு இருந்த இடமே தெரியாது. ஒரு கல்யாணப் பெண்ணின் முகத்தை அப்படித் துடைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்ததுமே சரி என்றுவிட்டார்கள். பெண்ணின் அப்பா எனக்கு ஒரு டப்பா பாதுஷா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பாதுஷாதான் என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும், பேசுகிற வாயை விட்டுவிட்டு முகத்தில் எங்கே என்ன துடைக்கலாம் என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் உப்பளம் என்ற பகுதியில் ஒரு மன்றத்தார் கொழுகொழு குழந்தைப் போட்டி நடத்தினார்கள். கலந்துகொள்ளும் குழந்தைக்கெல்லாம் ஒரு படம் இலவசம் என்று அறிவித்திருந்ததால் ஊரில் கொழுக்காத குழந்தையும் வந்து சேர்ந்தது. கைக்குழந்தைகளைச் சிரிக்க வைக்க நான் காக்கையாகக் கரைந்தேன், ஆடாகக் கத்தினேன். ஒரு குழந்தை என் சட்டையை நனைத்தது. இன்னொன்று, வீட்டு நாய் பக்கத்தில் இல்லாவிட்டால் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்ததால், வெள்ளைப் பொமரேனியன் ஒன்றும் படத்தில் இடம்பிடித்தது. அதன் நெற்றியிலும் யாரோ ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் அந்துவான் அண்ணன் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். "பிலிமக் கழுவி, பிரிண்ட் போட்டு, கவர்ல போட்டு வை. ஞாயித்துக்கெழம பரிசு குடுக்கறப்ப எல்லாருக்கும் குடுத்துடலாம். சின்னச் சின்னதா டச்சிங் இருந்தா பாத்துக்க."

சின்னச் சின்னதாக என்றுதான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

நெகட்டிவ்களை மேஜையில் வைத்துப் பார்த்தேன். எல்லாக் குழந்தையின் கன்னத்திலும் நெற்றியிலும் திருஷ்டிப் பொட்டு. எங்கள் ஊர்த் தாய்மார்கள் அதைப் பொட்டாக வைப்பதில்லை, ரோட்டுக்குத் தார் போடுவதுபோல் போடுவார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண் படுவது குழந்தைக்குத்தானே, படத்துக்கு எதற்கு என்று என் மூளை வாதாடியது. இரண்டு நாள் சோறு தண்ணீர் கவனமில்லாமல் உட்கார்ந்து ஒரு பொட்டு விடாமல் துடைத்தேன். நாயின் பொட்டையும் துடைத்தேன். அதன் மூக்கை விட்டுவைத்தது மட்டும்தான் அந்த வாரத்தில் நான் செய்த நல்ல காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்து வாசலில் பந்தல். பரிசு கொடுத்து முடித்ததும் கவர்களை நானே பெருமையாக வினியோகித்தேன். பாராட்டுக்காக ஓரமாகக் காத்து நின்றேன். கவர்கள் பிரிபடும் சத்தம் கேட்டது.

"ஏந் தம்பி, எம்புள்ள மூஞ்சில பொட்டக் காணுமே?" என்றார் முதல் வரிசை அம்மா ஒருவர்.

"டச்சிங் பண்ணி எடுத்துட்டேங்க்கா. அழகா இருக்கட்டும்னு."

"அழகா இருக்குதுன்னுதானேய்யா பொட்டே வச்சேன்."

அதற்குள் பந்தல் முழுக்கத் தீ பிடித்தாற்போல் ஆகிவிட்டது. நேற்றிலிருந்து என் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்றார் ஒருவர். என் பிள்ளை பால் குடிக்கவில்லை, இப்போதுதான் காரணம் புரிகிறது என்றார் இன்னொருவர். பொமரேனியன் வீட்டுக்காரர் மட்டும், "எங்க நாய்கூட ராத்திரிலேந்து ஒரு மாதிரியா இருக்குது" என்று அமைதியாகச் சொன்னார். காரைக்காலிலிருந்து பையும் கையுமாக நேரே பந்தலுக்கு வந்து சேர்ந்த அந்துவான் அண்ணன் ஒரு படத்தைக் கையில் வாங்கினார், "மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஆனால் மனிதர் சமாளித்தார். "பொட்டு போனா பொட்டு வைப்போம், யார்கிட்ட மை இருக்குது?" என்றார். எல்லாரிடமும் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் எந்தத் தாயும் மை டப்பா இல்லாமல் வருவதில்லை. அங்கேயே பெஞ்சில் படங்களைப் பரப்பி, ஆளுக்கொரு விரலால் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே பொட்டு வைத்துக்கொண்டார்கள். போகிற போக்கில் ஒரு அம்மா என் கன்னத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் போகவில்லை. தெரேசா அக்கா. கணவர் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அக்கா மாசமாக இருக்கும்போது போனவர், பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அக்கா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெல்லப் பேசினார்.

"எம்புள்ளைக்கு நான் பொட்டே வைக்கல தம்பி. அது மச்சம். அவுருக்கு இருக்குற அதே எடத்துல புள்ளைக்கும் இருக்குது. அதப் பாக்கணும், படம் எடுத்து அனுப்புன்னு ஒவ்வொரு கடுதாசிலயும் எழுதுறாரு. அவுரு கூட்டாளி லீவு முடிஞ்சி இன்னிக்கு ரெண்டு மணிக்கு மெட்ராசுக்குக் கெளம்புறாரு, அவர்கிட்ட குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன். இந்தப் படத்தப் பாத்தா எதவச்சி தம்பி எம்புள்ளன்னு நம்புவாரு?"

"மையால..."

"மை தேய்ஞ்சிப் போயிடும். பிரான்சு வரைக்கும் நிக்குமா?"

அவர் அழுதார். நான் அவருடைய செருப்பைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். இடுப்பில் இருந்த பிள்ளையின் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெட்கம் விடவில்லை. பென்சிலை அழித்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டு, நானே கூட்டாளி வீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று படத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன்.

ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. ஒரு மணி வரை காத்தும் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால் உலர்ந்தால் அழியாத டச்சிங் மையைத் தொட்டு அந்தப் படத்திலேயே மச்சத்தை வரைந்தேன். துடைத்த இடம் எனக்கு அத்துப்படி என்ற தைரியம். மச்சம் நன்றாகவே வந்தது. நிஜ மச்சமே வெட்கப்படும். உலர வைத்து, மூச்சிரைக்க மிதித்துப் போனபோது டாக்சி கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கவரைக் கூட்டாளி மடியில் போட்டேன்.

திரும்பி வந்து, வேலை போய்விட்டது என்ற நினைப்பில் என் சாப்பாட்டு டப்பாவையும் சீப்பையும் எடுத்துக்கொண்டேன். அந்துவான் அண்ணன் என்னைப் பார்த்து, "எங்க போறே? மூஞ்சியக் கழுவிட்டு வா, பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் ஒக்காந்திருக்குது" என்றார். கன்னத்தில் இருந்த பொட்டோடுதான் நான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்க போறே என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள், கதவு அகலத்துக்கு ஒரு ஆள் ஸ்டூடியோவுக்குள் வந்தார். தோளில் ஒரு பிள்ளை, பின்னால் தெரேசா அக்கா. அந்த ஆளுடைய வலது கன்னத்தில் மச்சம். பிள்ளைக்கும் வலது கன்னத்தில் மச்சம். நான் வரைந்தது இடது கன்னத்தில்.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. பென்சில் பிலிமில் மருந்து பூசிய சொரசொரப்பான பக்கத்தில்தான் பிடிக்கும், அதனால் திருப்பி வைத்துத்தான் டச்சிங் செய்வோம். திருப்பினால் வலது இடதாகிவிடும். அந்தத் திருப்பின பக்கத்தையே மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, நேர்ப் படத்தில் வரைந்திருக்கிறேன். பின்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

"மச்சம் வரைஞ்சது நீதானே?" என்றார் அக்காவின் கணவர்.

"ஆமாங்க."

"அந்தப் படத்த நான் மொகம் செரைக்கிற கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தேன் தம்பி. காலைல கண்ணாடியப் பாத்தா என் மச்சம் இந்தப் பக்கம் தெரியும். படத்தப் பாத்தா புள்ளைக்கும் அதே பக்கம். அச்சு அசலா ஒண்ணா இருக்கும். அங்க குளுருல தனியா கெடந்தேன், அதப் பாத்துத்தான் ஒரு வருசத்த ஓட்டினேன்." பிறகு சிரித்தார். "வீட்டுக்கு வந்து ஆசையா அந்தக் கன்னத்துல முத்தம் குடுத்தா, மச்சத்தக் காணும்."

"யாரு புள்ளன்னு கேட்டாரு தம்பி. நான் மூஞ்சியப் புடிச்சி இந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன்" என்றார் அக்கா, சிரிப்பும் அழுகையுமாக.

வேறு படம் போட்டுத் தருகிறேன் என்றேன், சரியான பக்கத்தில். அவர் சம்மதிக்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குடும்பமாகப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பிறந்தது, சர்ச்சில் புதுநன்மை வாங்கியது, கல்யாணம் ஆனது எல்லாவற்றுக்கும் நான்தான். எனக்கு வயதாகிக் கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அவர்கள் வேறு ஆளிடம் போகவில்லை. ஒருவன் செய்த தப்பை இவ்வளவு அன்பாக வைத்துக்கொண்ட மனிதர்களை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பது வழக்கம், பிரெஞ்சுக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டது. வலது கன்னம் அப்பாவுக்கு. இடது கன்னத்துக்குப் போட்டோக்காரர் கன்னம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும். போன மாதம் அந்த மச்சக்காரப் பையன், அவனுக்கே இப்போது நரைத்துவிட்டது, பிரான்சிலிருந்து வந்து தன் பேரக் குழந்தையை என் மடியில் கொண்டுவந்து வைத்தான். தெரேசா அக்கா நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "எடது பக்கம் யாரும் தொடல தம்பி. நீ வரட்டும்னு வச்சிருக்கோம்."