படம் ஒட்டுவதா, ஒட்டாமல் விடுவதா?

சிவமயம்

சைகோன்,
ஐப்பசி 4

காரைக்குடி முருகப்பன் அயித்தான் அவர்களுக்கு, தேனப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மீனாம்பாளும் சுகம். சுகம் இல்லாவிட்டாலும் முதல் வரியில் சுகம் என்றுதான் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள், அதை மாற்ற நான் யார்? அங்கே தாங்களும் ஆச்சியும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க இங்குள்ள தண்டாயுதபாணியை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் உங்கள் போனை உங்களுக்கு முன்னால் ஆச்சி பார்த்துவிடுவாள். என் உடன்பிறந்தவள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆச்சிக்குத் தெரிந்தால் கல்லுக்கட்டிக் கடைவீதி முழுக்கத் தெரிந்த மாதிரி. அதனால் நாளை ஊருக்கு விமானம் ஏறுகிற, இங்கே தெரிந்த பையன் சேக் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். நான் கணக்குப் பார்த்துவந்த டிஸ்ட்ரிக்ட் 1 சாப்பாட்டுக் கடையை முதலாளி மூடிவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். வேலை இருந்தால்தான் இங்கே குடியிருக்க அட்டை தருவார்கள். என் அட்டைக்குக் கார்த்திகை வரைதான் ஆயுசு. கான் ஹொய் துறைமுகப் பக்கம் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கிற ஒரு கம்பெனியில், இந்திய வாடிக்கையாளர்களோடு பேசிக் கணக்கும் பார்க்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. மாதக் கடைசிக்குள் பயோடேட்டா அனுப்ப வேண்டும். படம் ஒட்ட வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை. அங்கே பிடித்தது சனி.

தாங்கள் பாங்கில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஆயிரம் விண்ணப்பங்களைக் கிழித்துப் போட்டவர்கள். தங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு முதலாளி சிங்கப்பூர்க்காரர், ஆள் எடுப்பது வியட்நாம் பெண். இந்த ஊரில் படம் இல்லாத விண்ணப்பம் தலையில்லாத முண்டம். சிங்கப்பூர்க்காரரோ படம் ஒட்டினால் நாகரிகம் தெரியாதவன் என்று நினைப்பாராம். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

இந்தச் சிங்கப்பூர் சட்டத்தைச் சொன்னது கிதிர் முகம்மது. டோங் டு பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருக்கிறார், கீழக்கரைக்காரர், உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. "செட்டியாரே, படத்த வச்சியன்னா வயசு தெரிஞ்சு போகும். கூப்புட்டதுக்கப்புறம் தெரிஞ்சா தெரியட்டும். கூப்புடுறதுக்கு முன்னாடியே எதுக்கு நாம காட்டணும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து மீனாம்பாளிடம் சொன்னேன். "மொகத்த மறைக்கிறதுக்கு என்ன, திருடவா போறீக? ஒட்டி அனுப்புங்க" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு இந்த ஒரு வியாதி உண்டு அயித்தான், கடைசியாகப் பேசியவர் சொல்வதெல்லாம் நியாயமாகவே படும்.

ஒட்டலாம் என்றால் படம் எங்கே? நான் தனியாக நிற்கிற படமே வீட்டில் இல்லை. எல்லாம் கல்யாண வீட்டுப் படங்கள். ஒன்றில் பந்தியில் பாயசத்தோடு வாயைத் திறந்திருக்கிறேன். சரி என்று பாலத்தைத் தாண்டி ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். மார்புக்கு மேலேதானே எடுப்பார்கள் என்று மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டில் கட்டுகிற கைலி. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையைக் கூட மதிக்கவில்லை. "கோட்டு கறுப்பா, நீலமா?" என்று கேட்டாள். கோட்டு எங்கேயம்மா என்றேன். கம்ப்யூட்டரைக் காட்டினாள். ஆள் பாதி ஆடை பாதி என்று நாம் சொல்வோம், இங்கே ஆடை மொத்தமும் கம்ப்யூட்டர்.

அத்தோடு விட்டாளா? இந்த ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு உள்ளதை உள்ளபடி கொடுத்தால் வாடிக்கையாளரை ஏமாற்றிவிட்டதாக ஒரு மனக்கஷ்டம். முதலில் என்னை வெளுத்தாள். பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்தாள். நெற்றியில் நான் பூசியிருந்த திருநீற்றை அழுக்கென்று நினைத்து ஒரே தேய்ப்பில் துடைத்துவிட்டாள். பிள்ளைப் பிராயத்திலிருந்து வெறும் நெற்றியோடு வெளியே போகாதவன் நான். கையைக் காலை ஆட்டி அது சாமி சமாசாரம் என்று புரியவைத்தேன். பாவம், பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, ஸ்கேல் வைத்த மாதிரி மூன்று வெள்ளைக் கோடு போட்டாள், காதிலிருந்து காது வரைக்கும். போலீஸ் ஏட்டுக்குச் சட்டைக் கையில் இருக்குமே, அது என் நெற்றியில். மன்னிப்புக்கு மேல் மன்னிப்பாகத் தலையில் முடியும் வைத்துவிட்டாள். முடி இலவசமாம். பெரிய அளவில் ஒரு பிரதியும் சட்டம் போட்டு இலவசமாம். இலவசத்தை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் நமக்கு ஏது?

அந்தப் பெரிய படத்தை மீனாம்பாள் எங்கே வைப்பதென்று தெரியாமல் சாமி அலமாரிக்கு மேலே வைத்தாள். கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இங்கே வீட்டுக்கு வீடு இறந்தவர் படத்துக்கு இப்படித்தான் கோட்டுப் போட்டு, மேலே வைத்து, கும்பிடுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு ஹோவா அம்மாள் எதற்கோ எட்டிப் பார்த்தவள், போய் ஊதுபத்தியும் ஒரு தட்டுப் பழமுமாகத் திரும்பி வந்தாள். படத்துக்கு முன்னால் நின்று கண்ணீர் விட்டாள். நான் குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்து அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் தம்பி இத்தனை அழகா? இந்த வயதிலா போக வேண்டும்?" என்றாள். எனக்குத் தம்பி கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். மீனாம்பாள் அடுப்படிக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். பழத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்று நாங்களே தின்றோம்.

அன்றிலிருந்து எனக்குப் புதுக் கவலை. இந்தப் படத்தை ஒட்டி அனுப்பி, நேரில் வரச் சொன்னால், நான் போய் நிற்க, "தம்பியை அனுப்பச் சொன்னால் நீ ஏன் வந்தாய்?" என்று கேட்டால்? உள்ளபடியே ஒரு படம் எடுத்துக் கொடும் என்று கிதிர் முகம்மதுவிடம் போனேன். தன் போனில் கடை வாசலில் நிறுத்தி எடுத்தார். படத்தைக் கிட்டே ஒரு தரம், தள்ளி ஒரு தரம் பிடித்துப் பார்த்தார். பிறகு, "வாட்ச்மேன் வேலன்னா இது போதும் செட்டியாரே" என்றார்.

ஆக, இப்போது மேசைமேல் இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று படத்தோடு, ஒன்று படமில்லாமல். காலையில் இதை எடுக்கிறேன், மத்தியானம் அதை எடுக்கிறேன். சிரிப்பாக எழுதிவிட்டேன், ஆனால் பயமாக இருக்கிறது அயித்தான். அந்தப் பொய்ப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவனைத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள், என்னை இனி யார் கூப்பிடுவார்கள் என்று தோன்றுகிறது. கெட்டும் பட்டணம் சேர் என்றார்கள், சேர்ந்தேன். பட்டணம் போகச் சொன்னால் எங்கே போவது? ஊருக்கு வந்தால் தாங்கள் தங்கள் நெல் மில்லில் உட்கார வைப்பீர்கள், அது தெரியும். அந்தத் தயவை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, கோபிக்க வேண்டாம்.

எனவே தாங்களே முடிவு சொல்லுங்கள். ஆச்சி பக்கத்தில் இருப்பாள் என்பதால் போனில் நேராகச் சொல்ல வேண்டாம். படம் ஒட்டலாம் என்றால் "காரைக்குடியில் மழை" என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் "வெயில்" என்று சொல்லுங்கள். நிஜமாகவே மழை பெய்தால் அதைச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். மீனாம்பாளுக்கும் இது தெரிய வேண்டாம். புருஷன் தைரியமாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். ஆச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், தங்கள் முழங்கால் வலிக்குப் பழனியாண்டவர் துணை.

இப்படிக்கு,
தங்கள் பதிலையே நம்பியிருக்கும்
தேனப்பன்

பி.கு.: இந்தக் கடிதத்தின் உறையை ஒட்டப் போகும்போதுதான் கவனித்தேன், மேசைமேல் இருந்த இரண்டு உறைகளையும் காணோம். மீனாம்பாளையும் காணோம். சாயங்காலம் கிராப் வாடகை வண்டியில் வந்து இறங்கினாள். எங்கே போனாய் என்றால், "கான் ஹொய்க்குத்தேன். ரெண்டையும் நீட்டி, ஒங்களுக்கு எது வேணும்னு கேட்டேன். நாலு நாளா இதுக்குத்தானே பொலம்புனீக" என்கிறாள். அயித்தான், கேட்டுவிட்டு வரலாம் என்று எனக்கோ கிதிர் முகம்மதுவுக்கோ தோன்றவே இல்லை! அங்கே அந்த வேளையில் மதராஸிலிருந்து எவனோ போனில் சரக்கு வரவில்லை என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தானாம். ஆபீசில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இவள் போனை வாங்கி அவனைத் தமிழில் அடக்கி, லாரிக்காரனை வியட்நாம் பாஷையில் அதட்டி, சரக்கை ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தாளாம். சந்தையில் இத்தனை வருஷம் மீன்காரியோடு பேரம் பேசின பாஷை அது. திங்கட்கிழமையிலிருந்து அவளை வரச் சொல்லிவிட்டார்கள். கணக்குக்கு ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்றாம், பேசத்தான் ஆள் கிடைக்காமல் இருந்ததாம். என் உறைகள் இரண்டையும் பிரிக்காமலே கொடுத்துவிட்டார்கள்.

அவள் அட்டையில்தான் இனி எனக்கும் அட்டை. வேலைபார்ப்பவரின் கணவர் என்று போட்டு, படம் கட்டாயம் ஒட்ட வேண்டுமாம், உள்ளது உள்ளபடி. முதலில் எனக்குச் சுருக்கென்றது, மறைக்கவில்லை. ராத்திரி அவள் புதுச் சேலையை எடுத்து மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அந்தச் சுருக்கு போய்விட்டது. ஆச்சியிடம் இனி ஒளிக்க வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். யாருக்கு என்று கேட்டால், எங்கள் வீட்டுக்கு என்று சொல்லுங்கள்.